கைவைக்காமல் காத்த தேவாலயம்



இங்கிலாந்துக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வெஸ்ட்மின்ஸ்டர் அபே, செயின்ட் பால் பேராலயம், லண்டன் கோபுரம் என்று ஒரு வரிசை வரும். அவை பார்க்க வேண்டியவைதான். ஆனால் இன்று உங்கள் முன் நான் பேச எடுத்துக்கொண்டது, அந்த வரிசையில் எங்கும் இடம்பெறாத ஒரு சிற்றூர். அதன் பெயர் இங்கில்ஷம். சில வீடுகள், பண்ணை, மேய்ச்சல் நிலம், ஆறு, நடுவே ஒரு சின்னத் தேவாலயம். ஊர் என்று சொல்ல இவ்வளவுதான். பழைமையைக் காப்பது என்றால் உண்மையில் என்ன என்று பல ஆண்டுகளாக நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு நான் கண்டவற்றுள் மிகத் தெளிவான விடை அந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. அந்த விடையை விளக்குவதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம்.

முதலில் ஊர் இருக்குமிடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென் இங்கிலாந்தில் வில்ட்ஷையர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், தேம்ஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது இங்கில்ஷம். எல்லையைத் தாண்டினால் குளோஸ்டர்ஷையரைச் சேர்ந்த லெச்லேட் என்னும் சிறு நகரம், ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில். லண்டனில் கப்பல்களைச் சுமக்கும் தேம்ஸ் இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். கடலிலிருந்து மேல்நோக்கி வரும் இயந்திரப் படகுகள் ஏறக்குறைய இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. 1815ஆம் ஆண்டு கவிஞர் ஷெல்லி, தம் துணைவி மேரி, நண்பர் பீக்காக் முதலியோருடன் படகில் தேம்ஸின் மூலத்தைத் தேடி வந்தார். லெச்லேட்டைக் கடந்து சற்றுத் தூரம் போனதும் ஆழமில்லாமல் போய், அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று.

அந்த இடத்துக்கு ஒரு காலத்தில் நல்ல நடமாட்டம் இருந்தது. தேம்ஸ் ஆற்றையும் மேற்கே உள்ள செவெர்ன் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் 1789இல் திறக்கப்பட்டபோது, அது தேம்ஸைச் சந்தித்த இடம் இங்கில்ஷம்தான். கால்வாய்க் காவலருக்காகக் கட்டிய வட்ட வடிவ வீடு இன்றும் அங்கே நிற்கிறது. நிலக்கரி ஏற்றிய படகுகள் அவ்வழியே போயின. பிறகு இரயில் வந்தது, கால்வாய் நலிந்தது. அதன் கிழக்குப் பகுதி 1927இல் கைவிடப்பட்டது. ஆக, வணிகம் ஒருமுறை இந்த ஊரின் ஓரமாக வந்து, ஊரைத் தொடாமலே போய்விட்டது.

ஊரும் அப்படித்தான் தேய்ந்தது. இடைக்காலத்தில் இங்கில்ஷம் இப்போது இருப்பதைவிடப் பெரிய கிராமம். பழைய வீடுகள் நின்ற மேடுகளும் தெருக்கள் கிடந்த பள்ளங்களும் தேவாலயத்தைச் சுற்றியுள்ள புல்வெளியில் இன்னும் தெரிகின்றன. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்த மேடுபள்ளங்களின் நிழலை வைத்தே ஒரு தெருவை அடையாளம் கண்டுகொள்ளலாம். இப்படிச் சுருங்கிப்போன, அல்லது முற்றிலும் அழிந்துபோன இடைக்காலக் கிராமங்கள் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. கொள்ளைநோய் சில ஊர்களைக் குறைத்தது. உழவு நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு மாற்றிய நிலவுடைமையாளர்கள் பல ஊர்களைக் குறைத்தார்கள். ஊர் போன பிறகும் தேவாலயம் மட்டும் வயல் நடுவே தனித்து நிற்பதை அந்நாட்டின் பல பகுதிகளில் பார்க்க முடியும்.

இங்கில்ஷம் தேவாலயம் திருமுழுக்கு யோவானுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் தொடக்கம் நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வெல்வதற்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் காலத்துக்குப் போகிறது. இப்போது நாம் காணும் கட்டடத்தின் பெரும்பகுதி பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஜான் மன்னர் 1204இல் பியூலி என்ற இடத்தில் சிஸ்டர்சியத் துறவிகளுக்கு ஒரு மடம் நிறுவினார். 1205இல் இங்கில்ஷம் தேவாலயத்தை அந்த மடத்துக்குக் கொடுத்தார். அதையொட்டியே கட்டடம் பெரிதாக எழுப்பப்பட்டது. உயர்ந்த கோபுரம் இல்லை. மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு சிறிய மணிக்கூண்டு மட்டும். நடுக்கூடம், அதன் இருபுறமும் தூண்களும் வளைவுகளும் பிரிக்கும் பக்கக்கூடங்கள், கிழக்கே திருப்பீடப் பகுதி. நம் ஊர்ப் பெரிய தேவாலயம் ஒன்றின் ஒரு மூலைக்குள் இதை அடக்கிவிடலாம்.

உள்ளே போனதும் கண் முதலில் தேடிப் போவது தென்புறத்தில் சுவரோடு பதித்திருக்கும் ஒரு புடைப்புச் சிற்பத்தை. மரியாள் அமர்ந்து, மடியில் உள்ள குழந்தையின் மேல் குனிந்திருக்கிறாள். மேலிருந்து கடவுளின் கை ஒன்று இறங்கி அந்தக் குழந்தையைச் சுட்டுகிறது. சாக்சன் காலத்துச் செதுக்கு வேலை. இந்தக் கல் நெடுங்காலம் வெளிச்சுவரில் வெயிலிலும் மழையிலும் இருந்தது. வெளியே இருந்த காலத்தில் ஊரார் அதையே சூரியக் கடிகாரமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நிழல் விழுவதற்குக் குச்சி செருகிய துளை அதில் தெரிகிறது. 1910இல்தான் அதை உள்ளே கொண்டுவந்தார்கள். முகங்கள் தேய்ந்துவிட்டன. ஆனால் தாயின் முதுகு வளைந்திருக்கும் விதத்தில் உள்ள அன்பு தேயவில்லை. செதுக்கியவர் யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளாக அந்த வளைவு அவர் பெயரைச் சொல்லாமலே அவரை நமக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறது.

அடுத்து இருக்கைகள். கதவு வைத்து, நெஞ்சளவு உயரப் பலகையடித்த மரப்பெட்டிகள் அவை. ஒரு குடும்பம் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு அமரும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் சூடேற்ற வழியில்லாத கட்டடத்தில் காற்றைத் தடுக்க அந்தப் பலகைகள் உதவின. யாருக்கு எந்த இடம் என்ற ஊர் அந்தஸ்தையும் அவை வெளிச்சம் போட்டுக் காட்டின. பக்கத்திலேயே அதே காலத்துப் பிரசங்க மேடை. பதினைந்தாம் நூற்றாண்டு மரத்தட்டிகளும் இருக்கின்றன. ஒன்றும் மற்றொன்றோடு அளவெடுத்துப் பொருந்துவதில்லை. பலகைகள் சாய்ந்திருக்கின்றன, தரைக்கற்கள் ஏறி இறங்குகின்றன. ஆனாலும் எல்லாம் ஒரே வீட்டில் பல தலைமுறை வாழ்ந்த உறவினர்களைப்போல ஒன்றோடொன்று பழகிப்போய் இருக்கின்றன.

இப்போது சுவர்களுக்கு வருகிறேன். இந்தத் தேவாலயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கே மக்கள் சுவரில் எழுதியும் வரைந்தும் வந்திருக்கிறார்கள். ஒரு காலத்துப் பூச்சின் மேல் அடுத்த காலத்துப் பூச்சு. சில இடங்களில் ஏழு அடுக்குகள் வரை இருக்கின்றன. காவிச் சிவப்பில் ஒரு வேலைப்பாடு தெரியும். அதன் குறுக்கே கறுப்பு எழுத்தில் வேத வசனம் ஓடும். வசனம் உதிர்ந்த இடத்தில் அதற்கும் முந்தைய நிறம் எட்டிப்பார்க்கும். எதையும் முழுமையாகப் படித்துவிட முடியாது. ஆனால் எதுவும் முழுமையாக அழிந்துவிடவும் இல்லை.

இந்த அடுக்குகளுக்குள் இங்கிலாந்தின் சமய வரலாறே இருக்கிறது. இடைக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களுக்குச் சுவர்தான் வேதநூல். புனிதர்களின் கதைகள், இறுதித் தீர்ப்பு நாள், வானதூதர்கள் எல்லாம் நாடெங்கும் தேவாலயச் சுவர்களில் தீட்டப்பட்டன. நிறங்களுக்குப் பெரிய செலவில்லை. செங்காவி, மஞ்சள் காவி, சுண்ணாம்பின் வெண்மை, கரியின் கறுப்பு, இவை போதும். பிறகு பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் வந்தது. எட்டாம் ஹென்றி ரோமுடன் உறவை முறித்தார், மடங்களைக் கலைத்தார். இங்கில்ஷத்தை உடைமையாக வைத்திருந்த பியூலி மடமும் 1538இல் மூடப்பட்டது. ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில், 1547 முதல், உருவங்களை அகற்றவும் ஓவியங்களை மறைக்கவும் ஆணைகள் பிறந்தன. நாடு முழுவதும் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். முதலாம் எலிசபெத் காலத்தில் பத்துக் கட்டளைகளைத் தேவாலயத்தில் எழுதிவைக்க உத்தரவு வந்தது. 1604இன் திருச்சபைச் சட்டங்கள் அதை உறுதிப்படுத்தி, சுவர்களில் வேறு வசனங்களையும் எழுதச் சொல்லின. படம் போன இடத்தில் எழுத்து வந்தது.

இதை ஒரு சாராரின் அழிவு வேலை என்று மட்டும் சொல்லி நான் கடந்துபோக மாட்டேன். வெள்ளையடித்தவர்களும் நம்பிக்கையோடுதான் அடித்தார்கள். தம் மொழியில் கடவுளின் வார்த்தை தம் கண்முன் இருக்க வேண்டும் என்று ஏங்கிய மக்கள் அவர்கள். அவர்கள் பூசிய சுண்ணாம்பே, தாங்கள் மறைக்க நினைத்த ஓவியங்களை முந்நூறு ஆண்டுகள் காப்பாற்றியும் தந்தது. மூடிய கை எதுவோ, காத்த கையும் அதுவே.

அந்தச் சுவர்களுக்கு உண்மையான ஆபத்து, நண்பர்களே, பகைவர்களிடமிருந்து வரவில்லை. பழைமையை நேசிக்கிறோம் என்று சொன்னவர்களிடமிருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தேவாலயத் திருப்பணி ஒரு பேரலையாக எழுந்தது. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பல தேவாலயங்கள் ஒழுகின, இடிந்துகொண்டிருந்தன. பக்தி மறுமலர்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1839இல் கேம்பிரிட்ஜில் தோன்றிய கேம்டன் சங்கம், பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுக் கோதிக் பாணியே உண்மையான கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று பிரசாரம் செய்தது. அதற்குப் பிந்திய எல்லாம் கறையாகத் தெரிந்தன. கதவு வைத்த பெட்டி இருக்கைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். சுவர்களின் காரையைக் கல் தெரியும்வரை சுரண்டினார்கள். காரையோடு ஓவியங்களும் போயின. தேய்ந்த சிற்பங்களை எடுத்துவிட்டு, தேயாத புதுச் சிற்பங்களை வைத்தார்கள். ஒரு கட்டடம் முதலில் எப்படி இருந்திருக்கும் என்று கட்டடக் கலைஞர் தம் மேசையில் கற்பனை செய்தாரோ, அப்படி அதைத் திருத்தினார்கள். 1840 முதல் 1875 வரையிலான காலத்தில் மட்டும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,000க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் புதுப்பிக்கப்பட்டோ மாற்றிக் கட்டப்பட்டோ இருக்கின்றன.

இதன் உச்சத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு செயின்ட் ஆல்பன்ஸ். அங்குள்ள மாபெரும் மடாலயத் தேவாலயத்தின் மேற்கு முகப்பை 1880களில் கிரிம்தார்ப் பிரபு என்ற செல்வந்த வழக்கறிஞர் தம் சொந்தப் பணத்தில், தாமே போட்ட திட்டப்படி, மாற்றிக் கட்டினார். பெரும் செல்வம், பெரும் ஆர்வம். விளைவு, அங்கே இன்று நிற்பது இடைக்கால முகப்பு ஆகாது, அவருடைய முகப்பு. இங்கில்ஷத்தில் பழுதுபார்ப்பு வேலை நடந்ததும் அதே பத்தாண்டில்தான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் இங்கில்ஷத்தின் அருமை விளங்கும்.

இந்த இடத்தில் வில்லியம் மாரிஸ் வருகிறார்.

மாரிஸ் 1834இல் பிறந்தவர். கவிஞர், நெசவு வடிவங்களையும் சுவர்த்தாள் வடிவங்களையும் வரைந்தவர், அச்சுக்கலைஞர், பின்னாளில் சோசலிச இயக்கப் பேச்சாளர். 1871 முதல் கெல்ம்ஸ்காட் என்ற ஊரில், லெச்லேட்டிலிருந்து சில மைல் தூரத்தில், தேம்ஸ் கரையிலேயே ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பகுதியின் களஞ்சியங்களையும் தேவாலயங்களையும் நடந்தே அறிந்தவர். 1876இல் பர்ஃபோர்டு என்ற ஊர்த் தேவாலயத்தில் நடந்த புதுப்பித்தல் அவரைக் கொதிக்க வைத்தது. அடுத்த ஆண்டு டியூக்ஸ்பரி மடாலயத்தைக் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் புதுப்பிக்கப்போகிறார் என்ற செய்தி வந்தது. மாரிஸ் ‘அதீனியம்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அதே 1877 மார்ச்சில் பழைய கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப் உள்ளிட்ட நண்பர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அறிக்கைதான் இன்றுவரை அந்தச் சங்கத்தின் அடிப்படை.

அந்த அறிக்கையின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். ஒரு பழைய கட்டடத்தை ஏதோ ஒரு காலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக யாராலும் முடியாது. முயன்றால், இடையில் வந்த காலங்களின் வேலையை அழித்து, பொய்யான ஒன்றை அந்த இடத்தில் வைப்பதாகவே முடியும். ஆகவே அன்றாடக் கவனிப்பால் அழிவைத் தள்ளிப்போடுங்கள். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்யுங்கள். செய்த பழுதுபார்ப்பு பழுதுபார்ப்பாகவே தெரியட்டும், பழைய வேலைபோல நடிக்க வேண்டாம். பழைய வடிவம் இன்றைய தேவைக்குப் போதவில்லையென்றால், வேறொரு புதுக் கட்டடம் எழுப்பிக்கொள்ளுங்கள். இவர்களுக்கு முன்பே, 1849இல், கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கிட்டத்தட்ட இதையே எழுதியிருந்தார். ரஸ்கின் எழுதியதை மாரிஸ் ஓர் இயக்கமாக்கினார்.

மாரிஸின் நேர்மைக்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். அவருடைய நிறுவனத்துக்கு நல்ல வருமானம் தந்த தொழில்களில் ஒன்று தேவாலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் செய்வது. சங்கம் தொடங்கிய அதே 1877இல், பழைமையான தேவாலயங்களுக்கு இனிமேல் புதுச் சன்னல் செய்து தருவதில்லை என்று அவர் அறிவித்தார். தாம் சொன்ன கொள்கைக்குத் தம் பணப்பெட்டியிலிருந்தே விலை கொடுத்தார். மேடையில் கொள்கை பேசுகிற நாம் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இங்கில்ஷத்துக்குத் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுப்பிக்கும் அலை அதுவரை அந்தத் தேவாலயத்தை எட்டவில்லை. ஊர் சிறுத்துவிட்டது, சபையில் ஆட்கள் குறைவு, பணம் திரட்ட வழியில்லை. ஏழைமை அந்தச் சுவர்களைக் காத்தது. ஆனால் ஏழைமை ஒரு கட்டடத்தை நிரந்தரமாகக் காக்காது. கூரை பழுதாகிக்கொண்டே போனால் ஒரு நாள் ஓவியமும் இருக்காது, சுவரும் இருக்காது. கைவைத்தால் கெடும், கைவிட்டாலும் கெடும் என்ற நிலையில் அந்தத் தேவாலயம் இருந்தது.

அப்போதுதான் 1888-89இல் மாரிஸின் முயற்சியால் அங்கே வேலை நடந்தது. மேற்பார்த்தவர் ஜே. டி. மிக்கிள்த்வெயிட் என்ற கட்டடக் கலைஞர், பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பொறுப்பை ஏற்றவர். கட்டடம் நிற்பதற்கு எது தேவையோ அது செய்யப்பட்டது. அதற்கு மேல் ஒன்றும் செய்யப்படவில்லை. பெட்டி இருக்கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சுவர்க் காரையை யாரும் சுரண்டவில்லை. ஏறி இறங்கும் தரையைச் சமப்படுத்தவில்லை. நாடு முழுக்கத் தேவாலயங்கள் பளபளப்பாகிக்கொண்டிருந்த காலத்தில், மங்கலாக இருந்ததை மங்கலாகவே விட்டுவைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே ஒரு சிறிய பித்தளைத் தகடு இருக்கிறது. இந்தத் தேவாலயத்தை நேசித்த வில்லியம் மாரிஸின் ஊக்கத்தாலும் உதவியாலும் இது பழுதுபார்க்கப்பட்டது என்பதே அதன் செய்தி. பழுதுபார்க்கப்பட்டது என்றுதான் இருக்கிறது. புதுப்பிக்கப்பட்டது என்று இல்லை.

மாரிஸ் 1896இல் காலமானார். உடலை இரயிலில் லெச்லேட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு பண்ணை வண்டியில் ஏற்றிக் கெல்ம்ஸ்காட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். கெல்ம்ஸ்காட் தேவாலயத் தோட்டத்தில், ஃபிலிப் வெப் வடிவமைத்த எளிய கல்லறையில் அவர் கிடக்கிறார்.

இன்று இங்கில்ஷம் தேவாலயத்தில் வாராந்தர வழிபாடு கிடையாது. வழிபடுவோர் இல்லாமல் போன வரலாற்றுத் தேவாலயங்களைப் பராமரிக்க இங்கிலாந்தில் 1969இல் ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. இன்று அதன் பெயர் தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை. அரசும் இங்கிலாந்துத் திருச்சபையும் பொதுமக்களும் சேர்ந்து பொருள் தருகிறார்கள். 350க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. இங்கில்ஷம் அவற்றுள் ஒன்று. சட்டப்படி முதல் தரப் பாதுகாப்புப் பெற்ற கட்டடமும்கூட. அறக்கட்டளைக்கு வந்த தேவாலயங்கள் பொதுவாகத் தம் புனிதத்தன்மையை இழப்பதில்லை. அவ்வப்போது வழிபாடும் நடத்தலாம். கட்டணம் இல்லை. கதவைத் தள்ளி உள்ளே போய் யார் வேண்டுமானாலும் அமரலாம்.

அங்கே சுவர் ஓவிய வல்லுநர்கள் செய்யும் வேலையின் தன்மையையும் சொல்ல வேண்டும். உதிரும் காரையின் ஓரத்தைச் சுண்ணாம்புக் கலவையால் பிடித்து நிறுத்துகிறார்கள். பெயரும் பூச்சை மீண்டும் சுவரோடு ஒட்டவைக்கிறார்கள். இல்லாத கையை வரைந்து சேர்ப்பதில்லை. பாதி அழிந்த சொல்லை நிரப்புவதும் இல்லை. சிமெண்டையும் பழைய சுவரிலிருந்து தள்ளியே வைக்கிறார்கள். காரணம் எளிது. பழைய கல்சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சுண்ணாம்பு அந்த ஈரம் போய்வர வழிவிடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு ஓவியத்தின் வழியே வெளியேறும்போது ஓவியம் பொடியாகும். ஒரு கட்டடத்தை மிகுந்த நல்லெண்ணத்தோடு கொல்ல ஒரு மூட்டை சிமெண்ட் போதும்.

மாரிஸின் சங்கமும் இன்றுவரை இயங்குகிறது. 1930 முதல் இளம் கட்டடக் கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, பழைய கட்டடங்களை ஊர் ஊராகப் போய்ப் பார்க்கவும், கொத்தர், தச்சர், கூரை வேய்பவர் பக்கத்தில் நின்று கற்கவும் அனுப்புகிறது. ஆண்டுதோறும் பராமரிப்பு வாரம் ஒன்றையும் நடத்துகிறது. அதில் அவர்கள் மக்களிடம் கேட்டுக்கொள்வது என்ன தெரியுமா? குளிர்காலம் முற்றுவதற்குள் கூரைத் தூம்புகளில் அடைத்திருக்கும் இலைகளை அகற்றுங்கள் என்பதுதான். அடைபட்ட தூம்பு வழிந்து சுவரில் இறங்கும் ஒரு குளிர்காலத்து நீர், பல நூற்றாண்டுகள் செய்யாத சேதத்தைச் செய்துவிடும்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். வழிபாட்டு இடம் என்பது உயிருள்ள மக்களுக்கு உரியதல்லவா, அதைக் காட்சிப் பொருளாக்கி வைப்பதா முக்கியம் என்று கேட்பீர்கள். எனக்கும் வழிபாடே முதன்மை. ஆனால் இங்கில்ஷத்தின் சுவர்களே இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனிதர் படத்தின் முன் மண்டியிட்ட உழவனும், பதினேழாம் நூற்றாண்டில் வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்த அவன் வழித்தோன்றலும் ஒரே கூரையின்கீழ் நிற்கிறார்கள். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் மறுத்தார். ஆனாலும் இருவரும் விட்டுச்சென்றது அங்கே இருக்கிறது. சுரண்டித் துடைத்த தேவாலயத்தில் ஒரு நூற்றாண்டு மட்டுமே மிஞ்சும், அதுவும் புதுப்பித்தவரின் நூற்றாண்டு. கட்டடத்தின் சொந்தக்காரர்களில் இறந்தவர்களும் உண்டு, இனிப் பிறக்கப்போகிறவர்களும் உண்டு. இன்றைக்கு நிர்வாகத்தில் இருப்பவர் அவர்கள் அனைவரின் சார்பில் காவல் இருப்பவர் மட்டுமே.

இந்தச் சிந்தனை தேம்ஸ் கரையோடு நிற்கவில்லை. ரஸ்கினும் மாரிஸும் விதைத்த கருத்தின் சாயல், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டில் இருக்கிறது. ஊகத்தின் பேரில் புதுப்பிக்காதே, உள்ளதை உள்ளபடி காப்பாற்று என்பதே அதன் அடிநாதம். நம் தஞ்சைப் பெரிய கோயிலை எண்ணிப் பாருங்கள். கருவறையைச் சுற்றிய உள்திருச்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலடுக்கு தானாகப் பெயர்ந்த இடத்தில் அடியில் இருந்தது தெரிந்தது. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களை அழிக்காமல் பிரித்தெடுத்து வேறு தளத்தில் பொருத்தி, சோழர் ஓவியங்களையும் வெளிக்கொண்டுவந்தார்கள். முன்பே யாராவது அந்தச் சுவரைத் தூய்மை செய்கிறேன் என்று கல்வரை சுரண்டியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

எனவே இங்கில்ஷத்தை நான் ஓர் அழகிய ஊராக மட்டும் உங்களிடம் கொண்டுவரவில்லை. அது ஒரு தீர்ப்பு. பெரும் பணத்தோடும் பெரும் ஆர்வத்தோடும் மாற்றிக் கட்டிய செயின்ட் ஆல்பன்ஸ் முகப்பு ஒரு பக்கம். சிறு தொகையோடும் பெரும் அடக்கத்தோடும் பழுதுபார்த்த இங்கில்ஷம் மறுபக்கம். நூறாண்டுக்கு மேல் கடந்தபின், பழைமையைக் காத்தது எது என்பதில் ஐயமே இல்லை.

உங்களிடம் என் வேண்டுகோள்கள் இவைதான். உங்கள் பொறுப்பில் ஒரு பழைய கட்டடம் இருந்தால், அது கோயிலாக இருக்கட்டும், தேவாலயமாகவோ பள்ளிவாசலாகவோ பாட்டனார் வீடாகவோ இருக்கட்டும், அதில் கைவைக்கும் முன் ஒரு முழு மழைக்காலம் அதைப் பாருங்கள். நீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை முதலில் சரிசெய்யுங்கள். பழைய பூச்சைப் பெயர்ப்பதற்கு முன் அதனடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவரைக் கேளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர் உங்கள் வட்டாரத்தில் இன்னும் இருந்தால், அவருக்கு வேலை கொடுங்கள், அவரிடம் கற்றுக்கொள்ள ஓர் இளைஞரை அனுப்புங்கள். திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வருபவரிடம், எதைப் புதிதாகச் செய்யப்போகிறீர்கள் என்று கேட்பதோடு, எதைத் தொடாமல் விடப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.